மருதாணிப் படத்தைத் திறந்தவர்கள்

செஞ்சியில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் பக்கத்தை என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். பெண்கள் பக்கத்துக்கு நான் போவேன். மண்டபத்தின் நடுவே ஒரு திரை தொங்கும். அதைத் தாண்டி அவர் வரக்கூடாது. திரைக்கு இந்தப் பக்கம் வந்ததும் பெண்கள் தலைத்துணியை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சிரிப்பார்கள், ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்வார்கள். கேமரா பெண் கையில் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் சிரிக்கிற சிரிப்பு அது. தொழிலில் எனக்கு வேறு பெரிய பெருமை எதுவும் கிடையாது. அந்தப் படங்களை வெளியே லேபுக்குக்கூட அனுப்பமாட்டேன், கடையிலிருக்கும் சின்ன மிஷினில் நானே பிரின்ட் போட்டுக் கொடுப்பேன்.

கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருக்கிற குடும்பம் ஒன்று எங்களுக்கு நல்ல பழக்கம். அவர்களுடைய இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. காலேஜ் படிக்கும்போது பஸ் பாஸுக்குப் படம் எடுக்க எங்கள் ஸ்டூடியோவுக்குத்தான் வருவாள். வந்தால் லேசில் போகமாட்டாள். 'இந்தப் படத்துல என் மூக்கு மட்டும் தனியா நிக்கிது, வேற எடுங்கக்கா' என்று என் உயிரை வாங்குவாள். மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம். மூத்த பெண் வெளிநாட்டில் பிரசவத்துக்கு இருந்ததால் தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லை. எல்லாப் படத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று அங்கிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வாட்ஸ்அப்புல மட்டும் போடாதம்மா" என்றார் பெண்ணின் அம்மா. "அது ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்குன்னு எங்கெங்கியோ பூடும்."

நான்தான் வழி சொன்னேன். எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதற்குள்ளே யாருக்கும் தெரியாத ஒரு ஃபோல்டரைப் போட்டு, படங்களை அதில் வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடலாம். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கலாம்.

"ஆம்பளைங்க கண்ணுல படாதுல்ல?"

"என் வூட்டுக்காரர் கண்ணுலகூடப் படாதும்மா. நான் கேரன்ட்டி."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாக்கை நான் சும்மா கொடுக்கவில்லை. வெப்சைட்டைக் கட்டி மேய்ப்பது நான்தான், வீட்டுக்காரருக்கு அதன் தலையும் தெரியாது காலும் தெரியாது.

வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தருகிற கம்பெனி, அதை நிர்வாகம் செய்ய ஒரு கன்ட்ரோல் பேனல் கொடுத்திருந்தது. திறந்தால் திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். ஃபைல்களுக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று, யார் யார் வந்துபோனார்கள் என்று காட்ட ஒன்று. முதல் ஆறு மாதம் அதைத் தொடவே எனக்கு நடுக்கமாக இருக்கும். ஒருமுறை எதையோ அழுத்தி முழு சைட்டும் வெள்ளையாகப் போய், சிங்கவரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டே போனேன். போகப்போகப் பழகிவிட்டது. என்றாலும் தெரியாத பட்டன் பக்கம் போகமாட்டேன். தெரிந்த நாலு பட்டனோடு நிறுத்திக்கொள்வேன், அதற்கே எங்கள் தெருவில் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்தார்கள்.

ஃபோல்டரைப் பூட்டி, பாஸ்வேர்டை அந்த அம்மாவிடம் சொன்னேன். மூத்த பெண் அங்கிருந்து படங்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாளாம். பெண் புகுந்த வீட்டுக்குப் போனாள். எனக்கு அடுத்தடுத்து வேலை. ஃபோல்டரை அப்படியே விட்டுவிட்டேன், மறந்தும் போனேன்.

சில மாதம் கழித்து, இடம் நிரம்பப் போகிறது என்று வாடகைக்கு இடம் தருகிற அந்தக் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்கத்தான் பேனலைத் திறந்தேன். கையோடு, யார் யார் வந்துபோனார்கள் என்கிற பக்கத்தையும் திறந்தேன். எங்கள் சைட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்கிற இளக்காரம்தான். வரிசை வரிசையாக எழுத்துகள். எந்த நேரத்தில், எந்த போனிலிருந்து, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். அதில் பூட்டிய ஃபோல்டரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது.

பாஸ்வேர்டு போட்டு, சரியாகப் போட்டு, உள்ளே போயிருக்கிறார்கள். போனது ஒரு போன் இல்லை. ஒரு நாள் ஒரு கம்பெனி போன், இரண்டு நாள் கழித்து வேறு கம்பெனி, அதற்கடுத்து இன்னொன்று. எல்லாம் மத்தியான வேளை. எல்லாரும் உள்ளே போனதும் ஒரே ஒரு படத்தைத்தான் திறந்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் எண்ணை வைத்து என் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துப் பார்த்தேன்.

மருதாணி வைத்த அன்று எடுத்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி, காயாததால் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு அரிக்கிறது. சொறிய முடியவில்லை. தோழி ஒருத்தி சொறிந்துவிட, தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, வாய்விட்டுச் சிரிக்கிறாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

அந்தப் படம் ஊர் சுற்றுகிறது, பாஸ்வேர்டு கைமாறிக்கொண்டிருக்கிறது என்றுதான் உடனே தோன்றியது. ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்லியிருப்பான், இந்தப் படத்தைப் பாரு என்று எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருப்பான். வெளிநாட்டுத் திருடனாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அவனுக்கு இவள் யாரென்று தெரியாது. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் இந்தியா என்று அந்தப் பக்கம் காட்டியது. நம் ஆட்கள் என்றால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும். 'உன் பொண்டாட்டி படம் எல்லார் போன்லயும் இருக்குது' என்று ஒருவன் சொன்னால் போதும். அப்புறம் அந்தப் பெண்ணின் கதி?

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. கடைக்கு வரும்போது டீக்கடை வாசலில் நாலு பேர் ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கால் தானாக மெதுவாகும். அவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் போனில் ஏதாவது பெண் முகம் தெரிந்தால் எட்டிப் பார்ப்பேன். ஒருவன் முறைத்துவிட்டு போனைத் திருப்பிக்கொண்டான். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

கடைசியில் வீட்டுக்காரர் மேலேயே சந்தேகம் வந்தது. பேனலின் பாஸ்வேர்டு கடைக் கம்ப்யூட்டரில் தானாக வந்து நிற்கும்படி விட்டிருந்தேன். அவர் அல்பத்தனமான ஆள் இல்லை, ஆனால் தன் பெண்டாட்டி எடுத்த படத்தை நாலு பேருக்குக் காட்டிப் பீற்றிக்கொள்கிற ஆள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் பட்டென்று கேட்டுவிட்டேன்.

"அந்த மருதாணிப் படத்த யாருக்காச்சும் காட்டுனியா?"

"எந்த மருதாணி?"

"தெரியாத மாரி கேக்காத."

விஷயத்தைச் சொன்னதும் அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்துவிட்டார். "இன்னாடி சொல்ற? என்னப் போயி..." என்றார். சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற நிலைமையில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து, "பாஸ்வேர்ட மாத்து மொதல்ல. அவங்கம்மாகிட்ட யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு கேளு" என்றார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

பெயின்ட் கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. போனேன். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், இடம் பற்றவில்லை, பாஸ்வேர்டை மாற்றப்போகிறேன், யார் யாரிடம் இருக்கிறது என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"எல்லாருகிட்டயும் இருக்குதேம்மா."

"எல்லாருன்னா?"

"நம்ம பொம்பளைங்கதான். பெரியம்மாவுக்குக் குடுத்துட்டு சின்னம்மாவுக்குக் குடுக்கலன்னா வருத்தம் வரும். சம்பந்தி வூட்டுல குடுக்கலன்னா அதுக்கு ஒரு பேச்சு வரும். பத்திரிக வெக்கிற மாரிதான், ஒருத்தர உட முடியுமா?"

பூட்டுப் போட்டவள் நான், சாவியை உறவுமுறை பார்த்து ஊருக்கெல்லாம் விநியோகம் செய்திருக்கிறார். அதிலும் பாதிப் பெண்களுக்குச் சொந்த போன் கிடையாது, புருஷன் போனிலோ மகன் போனிலோதான் பார்த்திருப்பார்கள். பார்த்த பாஸ்வேர்டு அந்த போனிலேயே தங்கியிருக்கும். எங்கள் சிங்கவரத்துப் பெண்களும் இதையேதான் செய்வார்கள். கோபப்பட்டு என்ன பண்ண?

"பொண்ணு நல்லாருக்காளா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அங்கே ஏதாவது பேச்சு வந்திருந்தால் முகத்தில் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கா. அவ போனு ரிப்பேராம், சர்வீஸுக்குக் குடுத்துக்கிறாங்களாம். மாப்ள போன்லதான் பேசுவா. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுவா, வெச்சிடுவா. முன்ன மாரி வளவளன்னு பேசறதில்ல. பொறுப்பு வந்துடுச்சி." அவர் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது. யார் யாரோ ஃபோல்டருக்குள் வந்துபோனதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாக்குக் கொடுத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டவரிடம் எப்படிச் சொல்வது?

கடைக்கு வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். படங்களையே அழித்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. மூத்த பெண் கேட்பாள் என்று விட்டுவைத்தேன். மாற்றியதும் பாதி பாரம் இறங்கியது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் பேனலைத் திறந்தால், புது வரிகள். இதுவரை வராத வேறு ஒரு போன். பழைய பாஸ்வேர்டைத்தான் போட்டிருப்பான். திறக்கவில்லை. மறுபடியும் போட்டிருக்கிறான். மறுபடியும். உள்ளே போக முடியாதவர்களையும் அந்தப் பக்கம் குறித்து வைக்கும், அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டு, வெளியே யாரோ தாழ்ப்பாளை ஆட்டுவதைப் பார்ப்பது போல இருந்தது. கடையில் நான் மட்டும் இருந்தேன். எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சாத்தி என்ன பிரயோஜனம் என்று தெரிந்துதான் சாத்தினேன்.

அப்புறம் சத்தமே இல்லை. நாலு நாள் போயிற்று, யாரும் வரவில்லை. வீட்டுக்காரர், "அவ்ளோதான், பூட்டிருக்குதுன்னு ஓடிட்டான்" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. திறக்க முடியாமல் திரும்பிய அந்தக் கடைசி ஆளின் வரிகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தேன். மூன்று முறை பாஸ்வேர்டு தவறு. அதற்கு அடுத்த வரியில் அதே போன், எங்கள் ஸ்டூடியோவின் தொடர்புப் பக்கத்தைத் திறந்திருந்தது.

எனக்குப் புரியவில்லை. திருட்டுத்தனமாகப் படம் பார்க்க வந்தவன் பூட்டைப் பார்த்தால் போய்விடுவான். கடைக்காரருக்குச் செய்தி அனுப்புகிற பக்கத்துக்கு ஏன் போகிறான்? பழைய வரிகளுக்குப் போனேன். ஒவ்வொரு நாளையும் பார்த்தேன். ஃபோல்டர், மருதாணிப் படம், பிறகு தொடர்புப் பக்கம். எல்லா போனும் அதே வழியில்தான் போயிருந்தது. அது மட்டும் இல்லை, பழைய ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில் எதையோ எழுதி அனுப்பியும் இருந்தார்கள். நான் இத்தனை நாள் ஃபோல்டர் பெயரையே பார்த்துப் பார்த்து மிரண்டதில், கீழே இருந்த வரி கண்ணில் படவே இல்லை.

அந்தப் பக்கத்தில் எழுதுவது எங்கே போகும்? பேனலிலேயே ஒரு மெயில் பெட்டி உண்டு, அதற்குத்தான் போகும். சைட்டைக் கட்டும்போது கம்பெனி கொடுத்த ரெடிமேட் மாதிரியில் அந்தப் பக்கம் தானாக இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். செஞ்சியில் யார் ஸ்டூடியோவுக்கு மெயில் எழுதப் போகிறார்கள்? போன் பண்ணுவார்கள், இல்லாவிட்டால் படியேறி வருவார்கள். அந்தப் பெட்டியில் வருவதெல்லாம் லோன் வேண்டுமா, உங்கள் சைட்டை முதலிடத்துக்குக் கொண்டுவரவா என்கிற குப்பை. அதைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

திறந்தேன். குப்பை பக்கம் பக்கமாக வந்தது. அதையும் தாண்டி ஸ்பேம் என்று ஒதுக்கி வைத்திருந்ததற்குள் போனேன். அதற்குள்தான் இருந்தன. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். மெயில் முகவரி கேட்கிற இடத்தில் ஏதோ நாலு எழுத்தைத் தட்டிவிட்டிருந்தது.

முதலாவதில், 'அக்கா நான்தான். பஸ் பாஸ் போட்டோ, தனியா நிக்கிற மூக்கு. அம்மாகிட்ட சொல்லுங்க, என் போன் ரிப்பேர் இல்ல. புடுங்கி வச்சிட்டாங்க.'

அடுத்ததில், 'நல்லா இருக்கேன்னு போன்ல சொன்னா நம்ப வேணாம்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டு பக்கத்துல நிக்கிறாரு.'

இன்னொன்றில், 'பக்கத்து வூட்டு அக்கா போன்ல இருந்து அனுப்புறேன். கல்யாண போட்டோ காட்டுறேன்னு சொன்னா எல்லாரும் போன் குடுக்கிறாங்க. அவங்க மருதாணி டிசைன பத்தி பேசிக்கிட்டு இருப்பாங்க. போன் போட்டா பேசறது கேட்டுடும், அதான் இதுல எழுதறேன். வெளிய போகும்போது என்ன உள்ள வச்சி பூட்டிட்டு போறாங்க.'

ஒன்றில் பாதி வார்த்தையில் நின்றிருந்தது. ஒன்றில், 'அடிச்சதுல காது சரியா கேக்கல அக்கா' என்று மட்டும் இருந்தது. கடைசியாக வந்தது இது: 'அத்தாவ நேரா வரச் சொல்லுங்க. போன் பண்ணிட்டு வர வேணாம். சொல்லாம வரச் சொல்லுங்க.'

நான் அழுதேனா என்று நினைவில்லை. வந்துபோனது ஊரெல்லாம் இல்லை, ஒரே ஒருத்தி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணிடமும் போனை வாங்கி, என் வாசலுக்கு வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அவள் வருகிற வழியைத்தான் பூட்டியிருக்கிறேன். படம் திறக்கவில்லை என்றால் போன் கொடுத்தவள் என்ன கேட்டிருப்பாள்? தொடர்புப் பக்கம் வரைக்கும் வந்தவள் ஏன் எழுதவில்லை? எழுதுவதற்குள் யார் வந்தார்கள்? அதற்கப்புறம் நாலு நாளாக ஏன் சத்தம் இல்லை? படத்தை நினைத்துப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் கடையை விட்டுவிட்டுப் பெயின்ட் கடைக்கு ஓடினேன். அவள் அத்தா என்று எழுதியிருந்த அவளுடைய அப்பா கீழே கடையில் யாருக்கோ பெயின்ட் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "மேல வாங்க, உடனே வாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்து டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வந்தார். மேலே அவர்கள் இருவருக்கும் என் போனில் அந்தச் செய்திகளைப் படித்துக் காட்டினேன். காது பற்றிய வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்த அம்மா போனைப் பிடுங்கி, எழுத்துக்கூட்டி, வாய்விட்டு அவரே படித்தார்.

பிறகு தன் போனை எடுத்து மாப்பிள்ளைக்கு அடிக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "வேணாம்மா. போன் பண்ண வேணாம்னு எழுதிக்கிறா. சொல்லாம போங்க."

அத்தா எழுந்துவிட்டார். சட்டையில் பெயின்ட் ஒட்டியிருந்தது, மாற்றக்கூட இல்லை. தம்பிக்கு மட்டும் போன் போட்டு, "வண்டிய எடுத்துக்கினு வா" என்றார். அந்த அம்மா பர்தாவை மாட்டும்போது ஊக்கு குத்தவே வரவில்லை, நான் குத்திவிட்டேன். "எப்போலேர்ந்து எழுதிக்கிறா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கீழே கார் சத்தம் கேட்டது. அவர் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க நான் ஸ்டூடியோவில் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டிருந்தேன். ஒருவேளை அவள் வந்தால் திறக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் கிடந்தது. பக்கத்தைப் புதுப்பிப்பேன், யாரும் வந்திருக்கமாட்டார்கள், மறுபடி புதுப்பிப்பேன். வீட்டுக்காரர் டீ வாங்கி வைத்தார், ஆறிப் போயிற்று. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்த ஒருவரை நாளைக்கு வாங்க என்று அவரே அனுப்பிவிட்டார். எனக்கு மனசில் நல்லதாக ஒன்றுமே தோன்றவில்லை. தோன்றியதை இப்போதும் எழுத விருப்பமில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் அந்த அம்மாவின் போன் வந்தது. எடுத்தால் முதலில் கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வண்டில இருக்காம்மா" என்றார். "என் மடியிலதான் இருக்கா."

கொஞ்ச நாள் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தாள், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி தள்ளி உட்கார்ந்தாள். வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போலீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெலிந்து போயிருந்தாள். மூக்கைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்யலாமா என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த அம்மா எனக்குத் தட்டில் பிஸ்கெட் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பாஸ்வேர்டை மாற்றியதை நானே எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். "அன்னிக்கி படம் தெறக்கலியே, அப்ப இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"நான் போன வாங்கி என்னமோ தட்டறேன்னு போன் குடுத்தவங்க மாமியார்கிட்ட சொல்லிட்டாங்க. அப்பறம் வெளிய உடல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் என் கையைத் தட்டினாள்.

"ஆனா அன்னிக்கித்தாங்கா எனக்கு தெம்பே வந்துச்சி. பாஸ்வேர்டு மாறிக்கிதுன்னா நீங்க பாத்துட்டீங்க, கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன். ஜன்னல்கிட்டயே உக்காந்துனு இருந்தேன்."

"நான் படிப்பேன்னு எப்பிடி நம்புன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவளுக்கு நான் கேட்டதே விசித்திரமாக இருந்தது. "இன்னாக்கா இப்பிடிக் கேக்கிறீங்க? நான் அனுப்புன ஒவ்வொரு வாட்டியும் நீங்கதான் உடனே பதில் போட்டீங்களே. 'உங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்பு கொள்கிறோம்'னு. அத படிச்சிட்டுத்தான் போன திருப்பிக் குடுப்பேன். அது மட்டும் இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்னு எனக்கே தெரியல."

அனுப்பு என்கிற பட்டனை யார் அழுத்தினாலும் தானாக வந்து நிற்கிற வரி அது. லோன் விற்கிறவனுக்கும் அதுதான் வரும். சைட்டைக் கட்டிய அன்று ஏதோ ஒன்று இருக்கட்டும் என்று நான் அடித்து வைத்தது. அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் அதை இன்னும் சொல்லவில்லை.